ரேடியோ மிஸ்ஸின் தொண்டைக்கட்டு

சொந்த வீட்டுக்கு நானே பிளான் வரைந்து, கழிப்பறைக்கு வாசல் வைக்க மறந்தவன் நான். அதைத் திருத்தப் போன மிஸ்ஸின் ஆபீசில்தான் வேலையும் கிடைத்தது, வினையும் கிடைத்தது. பதுளை மழைக்குக்கூட இடைவெளி உண்டு. மிஸ்ஸின் பேச்சுக்குக் கிடையாது; அதனால்தான் ஊரில் அவர் ரேடியோ மிஸ்.

யாழ்ப்பாணத்துக்காரர். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் இருந்த ஒரே பெண் கட்டடக் கலைஞர். அதுதான் அவருடைய கோபமே.

"ஒருத்தி மட்டும் எண்டால் கண்காட்சி ஐசே. பத்துப் பேர் வந்தால்தான் தொழில்!"

ஆகவே, படம் வரையப் பெண்பிள்ளைகளை மட்டுமே எடுப்பார்.

"அப்ப நான் எதுக்கு மிஸ்?"

"பிளாஸ்க் தூக்க."

உண்மையாகவே அதற்குத்தான். பிள்ளைகளில் ஒருத்தி தன் முதல் பிளானோடு கூட்டத்துக்குப் போகும் நாளில் மட்டும் மிஸ்ஸுக்குத் தொண்டை கட்டிவிடும். அவர் கழுத்தில் மஃப்ளர். பக்கத்தில் கொத்தமல்லித் தண்ணீரோடு நான். "மிஸ்ஸுக்குக் குரல் போயிருச்சுங்க, புள்ளையே சொல்லும்" என்று ஊரெல்லாம் பொய் சொல்லி என் குரல்தான் போனது.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த மலர், ஒரு தோட்டத்துக்குப் பிள்ளைக்காம்பரா வரைந்திருந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம். "இந்தப் பிளானும் சரிவரலன்னா வீட்டுக்கு வந்துரு, மாப்பிள்ள பாத்தாச்சு" என்று அவள் அப்பா சொல்லிவிட்டிருந்தார்.

பழைய பிள்ளைக்காம்பராவிலேயே கூட்டம். தோட்டத்தை நடத்தும் துரை படத்தைத் தட்டினார்.

"ஜன்னல் என்ன முழங்காலுக்குக் கீழ? யார் போட்டது?"

மலர் மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் கூரையைப் பார்த்தார். மலர் படத்தின் ஓரத்தைச் சுருட்டத் தொடங்கினாள். பொறுக்கமாட்டாமல் நான் வாயைத் திறந்தேன். மிஸ்ஸின் செருப்பு என் பெருவிரலை நசுக்கியது. மஃப்ளர் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார்; விசில் வராத பிரஷர் குக்கர்போல் அவர் முகம் சிவந்திருந்தது.

"தரையில உக்காந்து பாருங்க தொரை," என்றாள் மலர், திடீரென்று. "புள்ளைங்க ஒசரம் அதுதாங்க. அம்மா வாற பாத தெரிஞ்சா அழுவாதுங்க."

துரை உட்கார்ந்தார். அங்கிருந்து அவருக்குத் தெரிந்தது சுவர் மட்டும்தான். கழுத்தை நீட்டிப் பார்த்தார்; பழைய ஜன்னல் தலைக்கு மேலே இருந்தது.

"சரி, கட்டுங்க."

வெளியே வந்ததும் மிஸ் அந்தப் பக்கம் திரும்பி மஃப்ளரால் கண்ணைத் துடைத்தார். அப்போதும் ஒரு சொல் பேசவில்லை. குழந்தைகளைப் பார்க்கும் ஆயா என்னை ஓரமாக அழைத்தாள்.

"புள்ள நல்லா பேசுச்சுங்க. பாவம், வாய் பேசாத அந்தம்மாவுக்கும் ஒரு வேல குடுத்து வச்சிருக்கீங்களே, நீங்க நல்லாயிருப்பீங்க ஐயா."