ஞாயிற்றுக்கிழமை எலும்புக்கூடுகள் வராது

செத்தவர்களுக்கு வாராந்திர லீவு கொடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் டீமேக்கர். ஜெகதளாப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கொழுந்தைத் தூளாக்கும் பொறுப்பு; அதுதான் அவர் உத்தியோகம். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டிலேயே கொஞ்சம் யோசிப்பார்கள்.

திருச்சியிலிருந்து மாற்றலாகி நான் குன்னூர் வந்தபோது எனக்குத் துணையென்று இருந்தது ஒரு ஸ்வெட்டர் மட்டுமே. அந்தச் சமயத்தில்தான் பெள்ளி வீட்டு விளையாட்டில் சேர்ந்தேன். பெள்ளி ஜெகதளாவில் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர். ஞாயிறு மதியம் அவர் வீட்டில் கணப்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, வாயாலேயே ராட்சதர்களை வெட்டிச் சாய்ப்போம். கதையை நடத்துபவர் ரேவதி. வெடிமருந்து ஆலையில் வேலை பார்ப்பவர் என்பதால் சட்டதிட்டத்தில் இம்மியும் பிசகமாட்டார். பெள்ளி திருடன். நான் மருதன் என்கிற வாள்வீரன்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. கதையில் எவன் செத்தாலும் அவன் குணநலன்களை எழுதிய தாள் கணப்பில் போடப்படும். நெருப்புக்குப் போனவன் போனவன்தான். முன்பின் தெரியாத ஊரில் என்னை நாலு பேர் மதித்தார்கள் என்றால் அது மருதனை வைத்துத்தான். அவனை இழக்க எனக்குத் தெம்பில்லை.

டீமேக்கர் எடுத்துக்கொண்டது பிணமெழுப்பும் மந்திரவாதி வேடம். சனிக்கிழமை இலையை அரைத்து முடித்துவிட்டு, குரங்குக் குல்லாயில் தேயிலைத் தூசியோடு வந்து உட்காருவார். முதல் நாள் கதையில் கொள்ளையர் எங்களைச் சுற்றி வளைத்தார்கள். பக்கத்திலேயே இடுகாடு. "எழுப்புங்க அண்ணே," என்றேன். அவர் எழுந்து நின்று, குல்லாயைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயா, கொஞ்சம் வேலை இருக்கு. வர இஷ்டமா?"

ரேவதி திகைத்துப்போனார். "பொணத்துக்கிட்ட சம்மதம் கேக்கோணும்னு விதியே இல்லீங்க."

"விதியில இல்லாட்டி என்னம்மா? தூங்குறவங்கள எழுப்புறோம்."

வேறு வழியில்லாமல் ரேவதி பிணத்துக்காகப் பகடை உருட்டினார். பிணம் மாட்டேன் என்றுவிட்டது. "சரிங்கய்யா, படுங்க," என்று டீமேக்கர் மண்ணைத் தள்ளி மூடினார். அன்று நாங்கள் ஓடிய ஓட்டம் எங்களுக்குத்தான் தெரியும்.

பிறகு சம்மதித்து வந்தவர்களை வைத்து ஒரு படை சேர்ந்தது. கதையில் விடிந்ததும் எஸ்டேட்டில் ஆள் கூப்பிடுகிற மாதிரி பெரட்டு எடுப்பார். கை உடைந்த எலும்புக்கூட்டுக்கு லைட் ஒர்க். பத்து மணிக்கு எல்லோருக்கும் டீ. கதையில் ஞாயிறு வந்தால் படைக்கு லீவு.

"எலும்புக்கு எதுக்குங்க டீ? குடிச்சா கீழதான ஒழுகும்?" என்றார் பெள்ளி.

"குடிக்கவா டீ டைம்? உக்கார்றதுக்குங்க."

சிரித்தோம். ஆனால் அவர் பெரட்டு எடுக்கும்போது மட்டும் சிரிப்பு வராது. மெல்லிய குரலில் ஒரு பெயரைச் சொல்வார். பதிலுக்குக் காத்திருப்பார். "பழனியம்மா... வீராயி... சடையன்..." அந்த இடைவெளியில் யாரோ 'ஆமாங்க' என்று சொன்னது போலவே இருக்கும். யார் பெயர்கள் இவை என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க லயத்து ஆளுங்க தம்பி, ஒரே வரிசை வீடு. எங்கப்பாவோட சிலோன்ல இருந்து கப்பல்ல வந்தவங்க. சீசன்ல ஞாயித்துக்கிழமையும் கொழுந்து எடுத்தாங்க. செத்த பொறகாச்சும் ஒரு நாள் லீவு வேணாமா?"

அதன்பிறகு அந்த லீவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானே திறக்கும்படி ஒரு நாள் வந்தது.

கோட்டை வாசலில் ராட்சதன் மருதனை அடித்து வீழ்த்திவிட்டான். இன்னும் ஓர் அடி விழுந்தால் தாள் நெருப்பில். பெள்ளியின் திருடன் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டான். படையைக் கூப்பிடச் சொன்னேன். ரேவதி தன் கதை நாட்காட்டியைப் பார்த்தார்.

"ஏனுங்க, கதையில இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க."

டீமேக்கர் குல்லாயைக் கழற்றினார். "அப்ப கூப்பிட ஏலாது தம்பி."

"அண்ணே, இந்த ஒரு நாளைக்கு மட்டும்." வெட்கமில்லாமல் கெஞ்சினேன்.

"எல்லாத் தொரையும் அப்பிடித்தான் சொன்னாங்க. இந்த ஒரு நாளைக்கு மட்டும்னு." அவர் என் தோளைத் தொட்டார். "நான் போறேன்."

ஊதினால் விழுந்துவிடும் மந்திரவாதி, கைத்தடியை ஊன்றிப் போய் மருதனுக்கும் ராட்சதனுக்கும் நடுவே நின்றார். இப்போது கணப்பில் இரண்டு தாள்கள் விழப்போகின்றன. பெள்ளி குனிந்து கரியைக் கிளறினார்.

ரேவதி பகடையை எடுத்தவர் உருட்டாமல் வைத்திருந்தார். "அவரு கூப்பிடலீங்க. ஆனா அவங்களா வர்றாங்களான்னு நான் பாக்கோணுமில்லீங்க. இருபது விழுந்தா மட்டுந்தான்."

இருபது முகப் பகடை மேசையில் குதித்து, விளிம்பைத் தாண்டி, கட்டிலுக்கடியில் போய்விட்டது. பெள்ளி மண்டியிட்டு, செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் அவர் தலை வெளியே வரவில்லை.

"இருவது," என்றது கட்டிலுக்கடியிலிருந்து ஒரு குரல்.

ரேவதி கதையைச் சொல்லத் தொடங்கினார். யாரும் கூப்பிடவில்லை. மண் பிளந்தது. லீவு நாளில், லைட் ஒர்க்கில் இருந்த அந்த ஒற்றைக்கை எலும்புக்கூடுதான் முதலில் வந்தது. பின்னால் பழனியம்மா, வீராயி, சடையன். டீமேக்கர் குல்லாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

ராட்சதன் விழுந்ததும் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "அதுக்குப் பதிலா நாளைக்கு எல்லாருக்கும் லீவுங்க."

அந்த லீவினால் மறுவாரம் படையில்லாமல் நாங்கள் உதைபட்டது தனிக்கதை. மருதன் பிழைத்தான். அவன் தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது.

அவரிடம் இதை நான் சொன்னதில்லை. நான் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் குல்லாயைக் கழற்றிக்கொண்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், எழுந்து போவேன். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும்.