மேட்டு மகானின் மைலேஜ் தகடு

மேட்டு மகான் லிட்டருக்குத் தொண்ணூற்றொன்பது கிலோமீட்டர் வாங்கித் தருகிறார் என்ற செய்தி பரவிய வாரமே, மேட்டுத் தெருவில் கார் நிறுத்த இடமில்லை. எல்லாம் ஹைபிரிட் கார்கள். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். அவற்றை உருவாக்கிய பொறியாளர்களுக்குத் தெரியாத ரகசியம் மகானுக்குத் தெரிந்துவிட்டதாம். கனவில் வந்ததாம். பொறியாளர்கள் பாவம், தூங்காமல் வேலை பார்த்திருப்பார்கள்.

மகானின் வித்தை ரொம்ப எளிது. வண்டி மூச்சுவாங்க மேடேறி வரும். வண்டித் திரை லிட்டருக்குப் பதினொன்று என்று காட்டும். மகான் 'உச்' கொட்டுவார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு செப்புத் தகட்டை ஒட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்துவார். பழைய கணக்கு அழிந்து திரை பூஜ்யமாகும். அதற்குப் பெயர் 'பாவம் கழித்தல்'. "நேரா கீழ இறங்குங்க" என்று வழியனுப்புவார். அடிவாரம் போவதற்குள் திரையில் தொண்ணூற்றொன்பது! அங்கே காத்திருக்கும் கூட்டம் கைதட்டும். அடுத்த வண்டி மேலே ஏறும்.

நம் ஊர் டாக்சிக்காரர் ஒருவரும் தகடு ஒட்டியவர்தான். இரண்டே நாளில் எண் பழைய இருபதுக்கே வந்துவிட்டது. மறுபடியும் போய் நின்றார். மகான் காரணம் கண்டுபிடித்தார்.

"வண்டியோட சக்தி ஒழுகுது. பின் சீட்டுப் பக்கத்துல சல்லடை மாதிரி ஓட்டைங்க இருக்குல்ல? பட்டுத்துணியால அடைச்சு நாற்பது நாள் வைங்க."

வீட்டு வாசலில் அவர் துணியோடு குனிந்தபோது மனைவி பார்த்துவிட்டார். மனைவி ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியன்.

"என்னங்க பண்றீங்க?"

"சக்தி ஒழுகுதாம். அடைக்கிறேன்."

"அது பேட்டரிக்குக் காத்து போற வழி. அடைச்சா சூடாகிப் பேட்டரி செத்துடும். அப்புறம் எதை ஓட்டிப் பொழைக்கிறது? நமக்கு இருக்கிறது இந்த ஒரு வண்டிதான்."

"உனக்கு எதுலதான் நம்பிக்கை இருக்கு?"

"நாளைக்கு நானும் வரேன். அவர் நிரூபிச்சுட்டா நானே அடைச்சுத் தரேன். அதுவரைக்கும் துணி என்கிட்ட இருக்கட்டும்."

மறுநாள் மேட்டில் எல்லார் முன்னாலும் மனைவி தகட்டைப் பிய்த்து மகான் கையிலேயே கொடுத்தார். தானே பொத்தானை அழுத்தினார்.

"பாவம் கழிஞ்சுது. ஏறுங்க சாமி, கீழ போவோம்."

கூட்டம் பார்க்கிறதே! மகான் ஏறினார். கணவர் ஓட்டினார். தகடு இல்லாமலே அடிவாரத்தில் தொண்ணூற்றொன்பது. கைதட்டக் காத்திருந்தவர்கள் பழக்கதோஷத்தில் தட்டியும் விட்டார்கள்.

"சாமி, பையில எத்தனை தகடு இருக்கு?" என்றார் மனைவி.

"இருபது இருக்கும்."

"எல்லாத்தையும் ஒட்டுங்க. இப்ப மேல போவோம்."

இருபதும் ஒட்டப்பட்டன. மறுபடியும் பாவம் கழிந்தது. கார் மேடேறியது, கூட்டம் பக்கத்திலேயே ஓடிவந்தது. பாதி வழியில் கணவர் திரையைப் படித்தார். "ஒன்பது."

"வண்டியில நம்பிக்கையில்லாத ஆள் உட்கார்ந்திருக்கு" என்றார் மகான்.

"அதனால என்ன, நான் இறங்கிக்கிறேன்."

மனைவி இறங்கிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். மீண்டும் அடிவாரத்திலிருந்து, பூஜ்யத்திலிருந்து, மகானும் கணவரும் மட்டும் ஏறினார்கள். இந்த முறை பத்து.

"ஒண்ணு கூடியிருக்கு பாத்தியா!" என்றார் ஒரு பக்தர்.

"அது என் பாரம் குறைஞ்சதால" என்றார் மனைவி.

கூட்டம் சிரித்தது. கணவர் மட்டும் சிரிக்கவில்லை. மேட்டில் வண்டியை நிறுத்தி, மனைவி கையிலிருந்த துணியை வாங்கி, மகானின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதை அடைச்சிருந்தா என் பொழப்பு என்ன ஆகியிருக்கும் சாமி? சொல்லுங்க."

மகான் கதவைத் திறந்து சரிவில் ஓட்டமெடுத்தார். பெட்ரோல் ஒரு சொட்டும் செலவாகவில்லை. கணவர் தகடுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப்போட்டார். பக்கத்தில் வந்து நின்ற அந்தப் பக்தர் மெதுவாகக் கேட்டார்: "டீசல் வண்டிக்கு வேற மகான் யாராவது இருக்காங்களா?"

இருப்பார், ஐயா. நீங்கள் இருக்கும்வரை அவரும் இருப்பார். சரிவில் உருளுவதற்கு எஞ்சினும் வேண்டாம், மூளையும் வேண்டாம். யார் எதைச் சொன்னாலும், நம்புவதற்கு முன்னால் ஒருமுறை மேட்டில் ஏற்றிப் பாருங்கள்.