இரவல் எச்சில்

சீனியரின் வாயில் ஒரு சொட்டு எச்சில் இல்லை. பரீட்சைக்கு வேண்டியதோ ஒரு ஸ்பூன்.

உயிரியல் செய்முறைத் தேர்வுக்கு மூன்றாம் தடவையாக வந்திருப்பதால் கிடைத்த பட்டம் ‘சீனியர்’. இந்த முறையும் ஊத்திக்கொண்டால் அப்பாவின் மாவு மில்லில் ஆயுள் தண்டனை. நல்லவேளை, கேள்விச்சீட்டில் வந்திருப்பது எச்சில் சோதனை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான்: எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கும், பிறகு அயோடின் விட்டால் நீலம் வராது.

கன்னத்தைக் கிள்ளி நாலு சொட்டுத் தேற்றி மாவுக் கரைசலில் கலந்தான். பொறுமை இல்லை. ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்கவிட்டு, குழாயடியில் ஆறவைத்து அயோடின் விட்டான். மைக்கூடு தோற்றது, அப்படி ஒரு நீலம்.

பக்கத்து மேசையில் வெங்காயத் தோல் உரித்துக்கொண்டிருந்த ஜூனியர் பெண் கிசுகிசுத்தாள். “அண்ணா, நொதி ஒரு புரதம்ணா. கொதிச்சா உருவமே குலைஞ்சிடும். அவிச்ச முட்டை குஞ்சு பொரிக்குமா?”

“மெதுவாம்மா! எக்ஸாமினர் பாக்கறார்.” அவசரமாகத் தொட்டியில் கொட்டினான்.

அடுத்த சோதனைக்குழாயை ஐஸில் வைத்தான். நீலம்.

“குளிர்ல அது தூங்கும்ணா.”

“பரீட்சை ஹால்ல தூங்குதா? நம்ம ஜாதிதான்.”

எச்சில் ஊறட்டும் என்று அவள் தண்ணீர் பாட்டிலில் மிதந்த எலுமிச்சைத் துண்டை வாங்கிச் சப்பினான். துப்பினான். மறுபடியும் நீலம்.

“புளிப்புல அது வேலை நிறுத்தம் பண்ணிடும்ணா.”

“மாப்பிள்ளை முறுக்கு தோத்துது போ! அதுக்கு என்னதான் பிடிக்கும்?”

“உடம்புச் சூடு. கொஞ்சம் பொறுமை.”

இன்னும் பத்தே நிமிடம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“தங்கச்சி... இதுல ஒரு தடவை துப்பேன்.”

“அண்ணா!”

“என்னைப் பாத்துத் துப்பாத ஆளில்ல. நானா கேட்டு வாங்கறது இதான் மொதல் தடவை.”

முகத்தைத் திருப்பிக்கொண்டு தானம் செய்தாள். கலந்த குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு கோழி மாதிரி அடைகாத்தான். அயோடின் விட்டான்.

நீலம் இல்லை! தேன் நிறம்!

எக்ஸாமினர் வந்தார். குழாயைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். என்னவோ எழுதிக்கொண்டு நகர்ந்தார். மில்லின் கதவு தன் முகத்துக்கு நேரே சாத்தப்படும் இன்ப ஓசை சீனியரின் காதில் விழுந்தது.

மேசை துடைக்க வந்த லேப் அட்டெண்டர் ஈரமான கேள்விச்சீட்டை உதறிப் படித்தார்.

“தம்பி, ‘கொதிக்கவைத்தால் நொதி வேலை செய்யாது என்று காட்டுக’ன்னுல்ல இதுல போட்டிருக்கு? மொதல்ல தொட்டியில கொட்டினீங்களே, அதுக்குத்தானே முழு மார்க்கு!”