நுரைத்த பாட்டில்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் உன் பெண்டாட்டியும் நலமாய் இருப்பீர்கள், உங்களுக்கென்ன.

உன் கேன்டீனில் பொரித்து மிஞ்சிய எண்ணெயில் என் மகன் காய்ச்சும் பயோடீசலைச் சோதிக்க இன்று பஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்திருக்கிறார். தேறினால் அவர்கள் பஸ்ஸெல்லாம் இதில்தான் ஓடும். தேறாவிட்டால் மகன் மறுபடி லாரி ஓட்டப் போய்விடுவான், மாசக்கணக்கில் அவன் முகத்தை நான் பார்க்க முடியாது. பாட்டிலில் பாதி டீசல், பாதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் டீசல் மேலே, தண்ணீர் கீழே என்று பிரிய வேண்டுமாம். பிரிந்ததா? பால் மாதிரி வெளுத்து நுரைத்துக்கொண்டு நின்றது. "இதுல சோப்பு இருக்குங்க" என்றார் வந்தவர். "இருக்கவே இருக்காதுங்க, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் டீசலை அலசியிருக்கேன்" என்று மகன் இன்னொரு பாட்டிலை நீட்டினான். அதிலும் நுரை. அவன் முகம் செத்துப்போனது. எனக்கு உடனே விளங்கிவிட்டது, உன் பெண்டாட்டி சட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, அந்தக் கழுநீரையும் எண்ணெய்க் கேனிலேயே கொட்டியிருக்கிறாள். "மாமாவைச் சொல்லாதம்மா" என்கிறான் மகன். பின்னே யாரைச் சொல்ல? என் கல்யாணத்தன்று என் புதுக் குடையை எடுத்துப்போய்க் கம்பியை உடைத்துக் கொண்டுவந்தவன்தானே நீ. "காத்து உடைச்சிடுச்சுக்கா" என்றாய். அன்றைக்கு ஒரு இலை அசையவில்லையடா.

இப்போது வந்தவர் தன் தண்ணீர் பாட்டிலையே காலி செய்து, அதில் அதே டீசலையும் தண்ணீரையும் ஊற்றிக் குலுக்கி மேசைமேல் வைத்திருக்கிறார். இதுதான் கடைசியாம். மகன் பாட்டிலைப் பார்க்கிறான், மருமகள் மகனைப் பார்க்கிறாள், நான் எதையும் பார்க்க மாட்டாமல் உனக்கு எழுதுகிறேன். இதுவும் நுரைத்தால் உன் வாசலை மிதிக்க மாட்டேன்.

உன் பேரப்பிள்ளைகள் நன்றாயிருக்கட்டும். உன்னைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: பிரிந்துவிட்டது! மேலே தேன் நிறம், கீழே தண்ணீர். தேறியாயிற்று. வந்தவர் முதல் இரண்டு பாட்டிலையும் முகர்ந்து பார்த்து, "இதை யாருங்க கழுவினது?" என்றார். மருமகள் என்னைப் பார்த்தாள். வெளியாள் வரும்போது பாட்டில் பிசுபிசுவென்று இருந்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று நான்தான் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்தேன். பேருக்குத்தான் அலசினேன், தண்ணீரை வீணாக்குவானேன்? ஆகவே எண்ணெய் பற்றி எழுதியதை மட்டும் அடித்துவிட்டுப் படி, அடுத்த கேனைச் சீக்கிரம் அனுப்பு. குடை பற்றி எழுதியது அப்படியே இருக்கட்டும்.