என் கணவரின் ஐந்தாவது விரதம்

மொராவியாவில் குழந்தை குட்டிகளோடு சௌக்கியமாக வாழும் என் மூத்த சகோதரி பெனிக்னாவுக்கு, விஸ்துலா ஆற்றங்கரைக் கோட்டையிலிருந்து தங்கை சுலிஸ்லாவா வணங்கி எழுதுவது. இங்கே எங்கள் நாட்டுக் கோமகன், மாமியார், குதிரைகள் எல்லோரும் நலம். உனக்கு ஏழாவதும் ஆண் என்று உன் ஓலையில் அறிந்தேன். கர்த்தர் தொட்டிலைக் காக்கட்டும்.

"உனக்கு எப்போது?" என்று அதிலும் கேட்டிருக்கிறாய். இதுவரை யாரிடமும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். கல்யாணத்தன்று எங்களைப் படுக்கையில் உட்காரவைத்துப் பாட்டுப் பாடிவிட்டு விருந்தாளிகள் போனதும், என் கணவர் விஷெபோர் எழுந்துபோய்த் துணிப்பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, "போர்லேருந்து உசுரோட திரும்பினா ஒரு வருஷம் பொண்டாட்டியத் தங்கச்சி மாதிரி நெனைக்கிறேன்னு நேந்துக்கிட்டேன். உனக்குச் சம்மதமா?" என்றார். எனக்குப் பதினாறு வயது, ஒன்பது நாள் வண்டியில் வந்த அலுப்பு. "சரிங்க" என்று சொல்லித் தூங்கிவிட்டேன். மறுவருஷம் அவர் அம்மாவுக்குக் காய்ச்சல், அதற்கொரு விரதம். அப்புறம் மழை பெய்யவில்லை, அதற்கொன்று. நாலாவது, சாம்பல் குதிரைக்குக் கால் சுளுக்கியதற்கு. எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றேன். அவர் மூலையில் வைக்கோலில் படுத்துக்கொள்வார். அன்றன்று நடந்ததையெல்லாம் நான் சொல்வேன், அவர் "ம்" என்பார், பிறகு அதுவும் நின்றுவிடும். மாமியாரோ கரடிக்கொழுப்பு, முயல் ஈரல், ஏதோ ஊற்றுத் தண்ணீர் என்று கொண்டுவந்து நின்றபடியே, "குடிடி, மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடி" என்பார். குடித்தேன் அக்கா, நாலு வருஷம். இந்தக் கோட்டையில் தினம் நாற்பது பேர் சாப்பிடுகிறார்கள். அத்தனை பேரும் என்னிடம் பேசுவது என் வயிற்றைப் பற்றி மட்டுந்தான். போன வாரம் அப்பாவின் ஓலை வந்தது. ஈஸ்டருக்குள் வாரிசு இல்லையென்றால் கல்யாணத்தை ரத்துசெய்து, ஓடர் ஆற்றுக்கு அப்பால் ஒரு பல்லுப்போன பிரபுவுக்கு என்னைக் கொடுப்பாராம். அன்றைக்கே கணவர் வந்து, புதுக் கோவில் மணி விரிசல் விடாமலிருக்க ஐந்தாவது விரதம் என்றார். இந்தமுறை நான் "சரிங்க" என்று சொல்லவில்லை. சாப்பாட்டில் மாமியார் கொழுப்பை நீட்டியபோது, "இத உங்க மகனுக்குக் குடுங்க அத்தை, விரதம் இருக்கிறது அவருதான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். மாமியார் குழம்புக் கரண்டியாலேயே மகன் தலையில் ஒன்று வைத்தார். அவர் எழுந்து வேட்டைக்குப் போனவர்தான், நாலு நாளாக வரவில்லை.

எனவே, நம் பெரியம்மா தலைவியாக இருக்கும் மடத்தில் எனக்கு ஒரு சிற்றறை கேட்டு வாங்கு. அங்கேயும் தனிமைதான், ஆனால் கரடிக்கொழுப்பு இருக்காது. உன் கணவருக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

பின்குறிப்பு: பெரியம்மாவைக் கேட்க வேண்டாம். காலையில் என் கணவர் வந்தார். "மொத வருஷந்தான் உண்மையான நேர்த்தி. நீ அவ்வளவு லேசாச் சம்மதிச்சதும், என்னப் பிடிக்கலபோலன்னு நெனச்சேன். ஒவ்வொரு வருஷமும் நீ மறுப்பியான்னு பாத்தேன்" என்றார். அழுதேன், திட்டினேன். அதன்பிறகு பேச ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. நாலு வருஷத்துப் பேச்சு அக்கா, ஓநாய், மீன், வரப்புச் சண்டை என்று மதியமாகிவிட்டது. இதை எழுதும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டேயிருக்கிறார். நான் "ம்" என்கிறேன்.