ஆனையூர் புரோக்கரின் முன்னூறு கல்யாணம்

மதுரையில் ஒரே நாளில் முன்னூறு கல்யாணம் முடித்து வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் மண்டபம் பிடித்ததில்லை, பந்தி போட்டதில்லை. தெருவே அவரை ‘புரோக்கர்’ என்றது. அவர் ஜோடி சேர்த்ததெல்லாம் கம்ப்யூட்டர் புரோகிராம்களை.

இரண்டாயிரத்துக்குச் சற்று முந்தைய காலம். நான் எட்டாவதோடு நின்றவன். லாரி கிளீனர், பட்டறையில் பிரஸ் மிஷின் என்று சுற்றி, அந்த மிஷினுக்கு ஆள்காட்டி விரலின் நுனியைக் கொடுத்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஆனையூரில் ஒரு மாடியறையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த புரோக்கர் என்னைக் கூப்பிட்டார்.

“மவுஸ் புடிப்பியா மாப்ள?”

“பிரஸ் மிஷினே புடிச்சிருக்கேண்ணே.”

“அது கடிக்கும். இது கடிக்காது. வா.”

திரையில் மைக்ராஸ்கோப் படம். அதில் திருவிழாக் கூட்டம்போல நெருக்கியடித்துக்கொண்டு செல்கள். ஒவ்வொன்றின் ஓரத்தையும் சுற்றி நான் கோடு இழுக்க வேண்டும். பிறகு அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்ய வேண்டும். ஆனால் எப்படிச் செய்வது என்று அவர் அதற்குச் சொல்லித்தர மாட்டார்.

“சொல்லாம எப்பிடிண்ணே தெரியும்?”

“பொறந்து வளந்து அதுவா தெரிஞ்சுக்கிரும்.”

முதலில் அறுநூறு புரோகிராம்களைப் பிறக்க வைப்பார். மங்கலாக்கு, கூட்டு, கழி, கறுப்பாக்கு என்று சின்னக் கட்டளைகளைத் தாறுமாறாகக் கோத்த அரைகுறைகள். ஒன்று படம் முழுவதும் செல் என்னும். இன்னொன்று செல்லே இல்லை என்று சாதிக்கும். என் கோட்டுக்குப் பக்கத்தில் வருபவற்றை இரண்டிரண்டாகச் சேர்ப்பார். இதில் பாதி, அதில் பாதி வெட்டி ஒட்டினால் பிள்ளை. எப்போதாவது ஒரு பிள்ளையில் ஒரு கட்டளை மட்டும் தானாக மாறும். அதற்குப் ‘பிறவிக் குறும்பு’ என்று பெயர். தேறாதவை காலி. கரண்ட் போனால் மொத்தக் குலமும் காலி. அன்றைக்கு அவர் தலைமுழுகிவிட்டுத்தான் சாப்பிடுவார்.

ஒருநாள் கீழ்வீட்டு அக்கா, ‘புரோக்கர்’ என்ற பேரை நம்பி, தன் மகளின் ஜாதகத்தோடு மேலே வந்தார். புரோக்கர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஓரம் கண்டுபிடிக்குமா?”

“ஓரமெல்லாம் நல்லா அடிப்பா தம்பி. டைலரிங் படிச்சிருக்கா.”

புரோக்கருக்குக் கல்லூரியில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்க அது கடைசி அவகாசம். தல்லாகுளத்தில் லேப் வைத்திருந்த டாக்டரம்மா பார்த்துச் சரியென்று எழுதித் தரவேண்டும்; இல்லையென்றால் ஆறு வருஷமும் வீண். நாற்பதாவது தலைமுறையில் ஒரு மகாராசன் பிறந்தான். என் கோட்டோடு அச்சாகப் பொருந்தினான். கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மொபெட்டின் பின்னால் உட்கார்ந்தேன்.

“புள்ளத்தாச்சியக் கூட்டிட்டுப் போற மாதிரி புடி மாப்ள.”

டாக்டரம்மா உற்றுப் பார்த்தார். “எல்லா செல்லுக்கும் ஒரே பக்கம் மூக்கு நீண்டிருக்கே, ஏன்?”

உண்மைதான். ஒவ்வொரு செல்லுக்கும் வலது பக்கம் கீழே சின்னதாக ஒரு மூக்கு. நான் என் விரலைப் பார்த்தேன். ஒவ்வொரு முறை சுற்றி முடிக்கும்போதும் நுனியில்லாத விரல் வழுக்கிக் கோடு வெளியே போயிருக்கிறது. நாற்பது தலைமுறையும் அதைத்தான் கற்றிருக்கிறது. புரோக்கரும் என் விரலைப் பார்த்தார். நான் கையைத் துண்டுக்குள் மறைத்தேன்.

“கோடு போட்டது நான்தான் மேடம்,” என்றார் புரோக்கர். “எனக்குக் கை கொஞ்சம் கோணும். இது அதை அப்படியே கத்துக்கிருச்சு பாருங்க.”

டாக்டரம்மா சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. “இம்புட்டு சரியாத் தப்பைக் கத்துக்கிட்டா, சரியையும் கத்துக்கிரும்,” என்று சொல்லி, இருபது படங்களுக்குத் தன் கையாலேயே கோடு போட்டுத் தந்தார். ஒரு வாரம் மறுபடி கல்யாணம். பிறந்தவனுக்கு மூக்கு இல்லை. கையெழுத்து கிடைத்தது.

எனக்கு வேலை முடிந்தது, ஊர் மாறக் காலும் அரித்தது. திருப்பூர் பஸ்ஸில் ஏறப்போகும்போது அவர் ஒரு ஃப்ளாப்பியை நீட்டினார்.

“அந்த மூக்குக்காரன அழிக்க மனசு வரல. ஒன் சாடை மாப்ள, வச்சுக்க.”

அதைப் போட்டுப் பார்க்கும் பெட்டி இப்போது எங்கும் இல்லை. அதன் பிறகு பதினோரு ஊர் மாறிவிட்டேன். மூட்டை கட்டும்போது முதலில் எடுத்து வைப்பது அதைத்தான்.