நாலு கரண்டி சோடா உப்பு

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை கிலோ என்று சொல்லி, அத்தனை கிலோவையும் மாவாகவே நினைத்துக் கணக்குப் போடக்கூடிய மனிதர் கள்ளக்குறிச்சியிலேயே ஒருவர்தான். போண்டா மாஸ்டர். என் ஜெராக்ஸ் கடைக்கு எதிர்ப்பக்கம் அவர் டீக்கடை. ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கலாம். தெருவில் யாருக்கும் தெரியாது.

மதியம் கூட்டம் ஓய்ந்ததும் தியாகதுருகம் ரோட்டில் ஒரு பம்புசெட் கிணற்றுக்குப் போய்க் குதித்துவிடுவார். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான நூறு மீட்டர் நீச்சலில் ஒரு தடவையாவது முதலாவதாக வரவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. மூன்று வருடமாகத் திருக்கோவிலூர் வாத்தியார் ஒருவரிடம் ஒரு முழத்தில் தோற்றுக்கொண்டிருந்தார்.

"கொளத்துல மூணு நீளம் மீனு மாதிரி போறேன் ஜெராக்ஸு. நாலாவதுல கை ரெண்டும் அம்மிக்கல்லு ஆயிடுது."

இந்த வருடம் ஒரு நாள், கரண்டியும் கையுமாக ரோட்டைக் கடந்து ஓடிவந்தார்.

"யோவ், நீச்சல்காரங்கல்லாம் போட்டிக்கி முன்னாடி சோடா உப்பு சாப்புடறாங்களாம்யா! ஒடம்புல ஏறுற புளிப்ப அது முறிச்சிடுமாம். கை கல்லாவாதாம். போன்ல ஒரு டாக்டரு சொல்றாரு. முப்பது வருசமா அத டப்பாவுல வெச்சிக்கினு நானு போண்டாவுல போட்டுக்கினு கெடக்கறன் பாரு!"

"நல்லது மாஸ்டரே. சாப்புட்டு ஜெயிச்சிட்டு வாங்க."

"நீயும் வர்ற. நாலு பேரு இருந்தாதான் போட்டி நடத்துவாங்களாம். மூணுதான் தேறுச்சி. ஒனக்குந்தான் அம்பது தாண்டிடுச்சே, ஒம்பேர எழுதிட்டேன்."

எனக்கும் நீச்சல் தெரியும். மூழ்காமல் இருக்கத் தெரியும் என்பதை நீச்சல் என்று ஒப்புக்கொண்டால்.

போட்டியன்று காலை, ஊருக்கு வெளியே இருந்த நீச்சல் குளத்தின் வாசலிலேயே என்னை மேலும் கீழும் பார்த்தார். "எழுவத்தெட்டு கிலோ. கிலோவுக்கு அர கரண்டி. முப்பத்தொம்போது."

"கரண்டியா? யோவ், நான் மனுசன்யா! மாவு இல்ல!"

அவருக்கே அது ஜாஸ்தியாகத் தெரிந்திருக்க வேண்டும். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதுபோல் பேசி நாலு கரண்டிக்குக் கொண்டுவந்தேன். டீக்கு வைத்திருக்கும் சின்னக் கரண்டிதான். கல்வராயன் மலைத் தேன் கலந்து, ஒரு சொம்புத் தண்ணீரோடு இருவரும் குடித்தோம். சோப்பை நக்கியதுபோல் இருந்தது. பாதி வாழ்க்கையைப் போண்டாவிலேயே கழித்த அவர் வயிறு ஏற்றுக்கொண்டது. என்னுடையது யோசிக்க ஆரம்பித்தது.

விசில் ஊதினார்கள். இருபத்தைந்து மீட்டர் குளம், நாலு நீளம். முதல் நீளம் முடிவதற்குள் என் வயிறு எண்ணெயில் போட்ட போண்டா மாதிரி உப்பத் தொடங்கியது. இரண்டாவது நீளம் முடியப் போகும்போது நெஞ்சுக்கு நடுவே ஒரு குத்து. சரி, மாரடைப்பு என்று நானே முடிவுகட்டினேன். அந்த நேரத்தில் மனிதனுக்கு மனைவி முகம் வரவேண்டும். எனக்குக் கடையில் லேமினேஷன் மிஷினை அணைத்தேனா என்பதுதான் வந்தது.

"மாஸ்டரே! நெஞ்சு! போறன்யா!"

மாஸ்டர் அப்போது நாலாவது நீளத்தில் பக்கத்துத் தடத்தில் வந்துகொண்டிருந்தார். கை கல்லாகவில்லை. வாத்தியார் அவருக்கு முழுசாக ஒரு ஆள் தூரம் பின்னால். இன்னும் பத்து வீச்சு போட்டால் சுவர்.

அவர் நின்றார். தடங்களுக்கு நடுவே கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் முங்கி என் பக்கம் எழுந்து, இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினார்.

"கால ஊனுய்யா!"

ஊன்றினேன். தரை இருந்தது. தண்ணீர் என் தொப்புள் வரைதான்.

அந்த அதிர்ச்சியில் ஒரு ஏப்பம் வந்தது. எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்தது. நெஞ்சுவலி போன இடம் தெரியவில்லை. அதற்குள் வாத்தியார் சுவரைத் தொட்டுவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில், "போயிருக்கலாமில்ல மாஸ்டரே. பத்து வீச்சுதான இருந்திச்சி" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே கரும்பு வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வேவாத போண்டாவ எண்ணெயில வுட்டுட்டு எவனாச்சும் வூட்டுக்குப் போவானா? அத்த வுடு. கை கல்லாவல, பாத்தியா?"

அடுத்த வருடம் நாலாவது ஆளாக நான் வரப்போவதில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருக்கிறேன். பெயரை எழுதிவிட்டாராம்.

போட்டி நாளிலிருந்து, என் வயிற்றுக்கு ஆகாது என்று, தினமும் சோடா உப்பே போடாமல் எனக்கென்று தனியாக இரண்டு போண்டா போட்டு அனுப்புகிறார். ஜெராக்ஸ் பேப்பர் பறக்காமலிருக்க மேலே வைக்கலாம், அவ்வளவு கல்.

இதுவரை ஒன்றைக்கூட மீதி வைத்ததில்லை.